ஐரோப்பாவில் பசுமை விடுமுறை வீடுகளும் ரிசார்ட்டுகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லண்டன், பாரிஸ், சூரிக், ஒஸ்லோ போன்ற நகரங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்கள், ஊருக்குப் போகாத வருடங்களில் மலையடிவாரத்திலோ கடலோரத்திலோ ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து ஒரு வாரம் தங்குவது இப்போது சகஜமாகிவிட்டது. கொஞ்சம் பணம் சேர்ந்தவர்கள் அப்படி ஒரு வீட்டை வாங்கலாமா என்றும் யோசிக்கிறார்கள். விளம்பரங்களில் எங்கு பார்த்தாலும் 'எக்கோ', 'பசுமை', 'கார்பன் நியூட்ரல்' என்ற சொற்கள். எதை நம்புவது, எதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது என்று கேட்பவர்களுக்காக இந்தப் பதில்கள்.

என் பார்வையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கூரையில் சோலார் பேனல் இருக்கிறதா என்பது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. வீடு எந்த இடத்தில் நிற்கிறது, வருடத்தில் எத்தனை வாரம் அதில் ஆள் இருக்கிறார்கள், அங்கே எப்படிப் போய்ச் சேர்வது, அது குடிக்கும் தண்ணீர் யாருடைய தண்ணீர் என்ற நான்கையும் முதலில் கேட்க வேண்டும்.

'எக்கோ ரிசார்ட்' என்று போட்டுக்கொள்ள ஏதாவது சட்ட வரையறை உண்டா?

நீண்ட காலமாக இல்லை. நான்கு மரங்களுக்கு நடுவே ஒரு மரவீடு இருந்தாலே 'எக்கோ' என்று எழுதிக்கொள்ள முடிந்தது. இதை மாற்றத்தான் ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் ஒரு நுகர்வோர் சட்டத்தைக் கொண்டுவந்தது. 2026 செப்டம்பர் 27 முதல் அது உறுப்பு நாடுகளில் பொருந்தும். 'சுற்றுச்சூழலுக்கு உகந்தது', 'பசுமையானது' என்று ஆதாரமில்லாமல் பொத்தாம்பொதுவாகச் சொல்வதை அது தடுக்கிறது. நிறுவனமே தனக்குத்தானே வடிவமைத்துக்கொண்ட இலைப் படம் போட்ட முத்திரைகளும் செல்லாது. முத்திரை என்றால் ஒரு சான்றளிப்பு முறையோ அரசு அமைப்போ பின்னால் நிற்க வேண்டும். பிரிட்டனும் சுவிட்சர்லாந்தும் ஒன்றியத்துக்கு வெளியே இருப்பதால் அங்கே அவரவர் நாட்டு விதிகள்தான்.

அப்படியானால் எந்தச் சான்றிதழை நம்பலாம்?

ஐரோப்பிய ஒன்றியத்தின் சொந்த முத்திரையான பூச்சின்னம் 1992இல் தொடங்கியது. தங்குமிடங்களுக்கும் முகாம் மைதானங்களுக்கும் அதில் தனி அளவுகோல்கள் உண்டு. தண்ணீர்க் குழாயின் வேகம், வெந்நீர் அடுப்பின் திறன், கழிவு பிரிப்பு என்று அளந்து பார்க்கக்கூடிய விஷயங்களைத்தான் அது கேட்கிறது. நார்டிக் நாடுகளில் 1989 முதல் இருக்கும் அன்னப்பறவை முத்திரை கண்டிப்பானது. ஆஸ்திரியாவின் அரசு முத்திரையைச் சுற்றுலா நிறுவனங்களுக்கு 1996 முதல் தருகிறார்கள். அதன் சின்னத்தை வரைந்தவர் ஓவியர் ஹுண்டெர்ட்வாஸர்.

அப்புறம் கிரீன் கீ. 1994இல் டென்மார்க்கில் பிறந்த திட்டம் இது. இப்போது கோபன்ஹேகனில் இருக்கும் சுற்றுச்சூழல் கல்வி அறக்கட்டளை நடத்துகிறது. சென்னைக்கு அருகே கோவளம் கடற்கரைக்கு 2021இல் கிடைத்த நீலக்கொடிச் சான்றும் இதே அமைப்பு தருவதுதான்.

சான்றிதழின் எல்லையையும் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு கட்டடம் எப்படி நடத்தப்படுகிறது என்பதைத்தான் இவை பெரும்பாலும் அளக்கின்றன. அது அங்கே கட்டப்பட்டிருக்கவே வேண்டுமா என்ற கேள்வியை அவை கேட்பது அபூர்வம்.

சின்ன குடும்பம் நடத்தும் வீட்டுக்குச் சான்றிதழ் எதுவும் இல்லையே, அதைத் தவிர்க்க வேண்டுமா?

வேண்டாம். சான்றிதழுக்குக் கட்டணம் உண்டு, காகித வேலை உண்டு. இரண்டு அறையை வாடகைக்கு விடும் ஒரு விவசாயக் குடும்பத்துக்கு அது கட்டுப்படியாகாது. அவர்களிடம் நேராகக் கேளுங்கள். வீடு எதனால் சூடாகிறது, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, பஸ் நிறுத்தம் எவ்வளவு தூரம் என்ற மூன்றுக்கும் தயங்காமல் பதில் வந்தால் போதும்.

'குறைந்த ஆற்றல் வீடு, ஏ தரம்' என்று விளம்பரம் செய்கிறார்கள். அது பெரிய விஷயம்தானே?

புதிதாகக் கட்டிய வீடு என்றால் அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. 2020 முடிவுக்குப் பிறகு ஒன்றியத்தில் கட்டப்படும் எல்லாப் புதிய கட்டடங்களும் கிட்டத்தட்டப் பூஜ்ய ஆற்றல் தரத்தில் இருக்க வேண்டும் என்பது சட்டம். 2024இல் திருத்தப்பட்ட சட்டப்படி 2030 முதல் புதிய கட்டடங்கள் பூஜ்ய உமிழ்வுத் தரத்தை எட்ட வேண்டும். எனவே புது வீட்டை விற்பவர் சட்டத்தைப் பின்பற்றியதையே சாதனையாகச் சொல்கிறார் என்றால், வேறு சொல்ல அவரிடம் இல்லை என்று பொருள். பழைய வீட்டை ஒருவர் அந்தத் தரத்துக்கு உயர்த்தியிருந்தால் அது உண்மையான உழைப்பு.

பாஸிவ் ஹவுஸ் என்கிறார்களே, அது என்ன?

வெப்பம் வெளியே போகாதபடி சுவர், ஜன்னல், கூரை எல்லாவற்றையும் இறுக்கமாகக் கட்டி, உள்ளே இருப்பவர்களின் உடல்சூடும் ஜன்னல் வழியே வரும் வெயிலுமே பெரும்பகுதி வேலையைச் செய்யும்படி அமைத்த வீடு. சூடாக்குவதற்கு ஒரு சதுர மீட்டருக்கு வருடத்துக்கு 15 யூனிட்டுக்கு மேல் தேவைப்படக் கூடாது என்பது அதன் அளவுகோல். முதல் வீடு 1991இல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டில் எழுந்தது.

மலையுச்சியில்கூட இது வேலை செய்கிறது. ஆஸ்திரியாவின் ஹோக்ஷ்வாப் மலையில் 2,154 மீட்டர் உயரத்தில் உள்ள ஷீஸ்டல்ஹவுஸ் மலை விடுதி 2005 முதல் அப்படித்தான் இயங்குகிறது. சாலையும் இல்லை, குழாயும் இல்லாத இடம் அது. சுவிட்சர்லாந்தில் 2,883 மீட்டரில் இருக்கும் மோன்டே ரோசா விடுதியை சூரிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து வடிவமைத்து 2009இல் திறந்தார்கள். இந்த இரண்டு விடுதிகளிலும் வசதி குறைவு, கூட்டுப் படுக்கை, குளிப்பதற்கும் கணக்கு உண்டு. ஆனாலும் குறைந்த வளத்தில் நிறையப் பேரை எப்படித் தங்கவைப்பது என்பதை எந்தச் சொகுசு ரிசார்ட்டைவிடவும் இவை நன்றாகக் காட்டுகின்றன.

புதிதாகக் கட்டிய எக்கோ ரிசார்ட் நல்லதா, பழைய கல் வீடு நல்லதா?

பெரும்பாலும் பழைய வீடுதான். சிமென்ட், இரும்பு, கண்ணாடி எல்லாவற்றையும் தயாரிக்கும்போதே கார்பன் வெளியாகிவிடுகிறது. பழைய வீட்டில் அந்தச் செலவு எப்போதோ முடிந்துபோன ஒன்று. அதற்கு இன்சுலேஷன் போட்டு, ஹீட் பம்ப் (வெளியிலுள்ள வெப்பத்தை வீட்டுக்குள் கொண்டுவரும் கருவி) வைத்தால் இன்னும் ஐம்பது வருடம் ஓடும். தென் இத்தாலியிலும் கிரீஸிலும் கனமான கல்சுவரும் மரக் கதவடைப்பும் உள்ள வீடுகள் ஏசி இல்லாமலே கோடையைத் தாங்குகின்றன.

இதை மிக அழகாகச் செய்து காட்டியவர்கள் இத்தாலியர்கள். 1976இல் ஃப்ரியூலி பகுதியில் பெரிய நிலநடுக்கம் வந்தது. பிறகு சீரமைத்த வீடுகள் பல ஆளில்லாமல் கிடந்தன. அவற்றை என்ன செய்வது என்ற யோசனையில் பிறந்ததுதான் 'ஆல்பெர்கோ டிஃபூஸோ', அதாவது ஊர் முழுக்கப் பரவிய விடுதி. ஜியான்கார்லோ டால்ஆரா என்பவர் இந்த முறையை வளர்த்தெடுத்தார். வரவேற்பறை ஒரு வீட்டில், உங்கள் அறை இரண்டு தெரு தள்ளி இன்னொரு வீட்டில், காலை உணவு ஊர்ச் சதுக்கத்துக் கடையில். புதிதாக ஒரு கட்டடமும் எழுப்பப்படுவதில்லை. அப்ரூட்ஸோ மலைப்பகுதியில் சான்டோ ஸ்டெஃபானோ டி செஸ்ஸானியோ என்ற ஊர் மக்கள் வெளியேறி ஏறக்குறையக் காலியாகக் கிடந்தது. இந்த முறையில் அங்கே வீடுகள் மறுபடி திறந்தன.

பிரிட்டனில் லேண்ட்மார்க் டிரஸ்ட் 1965 முதல் இதே போன்ற வேலையைச் செய்கிறது. இடிந்து விழ இருந்த கோபுரங்கள், காவல் வீடுகள், பண்ணை வீடுகளைச் சீர்செய்து வாரக் கணக்கில் வாடகைக்கு விடுகிறது. வாடகைப் பணம் பராமரிப்புக்கே போகிறது.

இயற்கை அழகு உள்ள இடத்தில் இயற்கைக்கு இசைந்த ரிசார்ட் கட்டுவதில் என்ன தப்பு?

தப்பு பெரும்பாலும் அந்த 'உள்ள இடத்தில்' என்பதில்தான் இருக்கிறது. ஸ்பெயினின் அல்மேரியா மாகாணத்தில் காபோ தே காட்டா இயற்கைப் பூங்கா இருக்கிறது. ஐரோப்பாவில் கட்டடம் இல்லாமல் மிஞ்சிய மத்தியதரைக் கடற்கரைகளில் ஒன்று. அங்கே எல் அல்காரோபிகோ என்ற கடற்கரையில் 411 அறை கொண்ட ஹோட்டலை 2003இல் கட்டத் தொடங்கினார்கள். 2006இல் நீதிமன்றம் வேலையை நிறுத்தியது. ஒரு விருந்தாளிகூடத் தங்காத அந்த வெள்ளைக் கட்டடம் மலைச்சரிவை மறைத்துக்கொண்டு நின்றது. இடிப்பது யார், செலவு யாருடையது என்ற வழக்குகள் இருபது வருடமாக இழுத்தன.

அதே ஸ்பெயினின் எக்ஸ்ட்ரமதூராவில் வால்தெகன்யாஸ் நீர்த்தேக்கத்தின் தீவில் ஹோட்டல், வில்லாக்கள், கோல்ஃப் மைதானத்தோடு ஒரு குடியிருப்பு எழுந்தது. அந்த இடம் ஐரோப்பிய ஒன்றியத்தின் நத்துரா 2000 பறவைக் காப்பகப் பட்டியலில் இருந்தது. 2022இல் ஸ்பெயின் உச்ச நீதிமன்றம் கட்டியது எல்லாவற்றையும் இடிக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அங்கே பணம் போட்டு வீடு வாங்கியவர்களை நினைத்துப் பாருங்கள். உள்ளூர் அரசு அனுமதி கொடுத்துவிட்டது என்பது பாதுகாப்புக்குப் போதாது.

பிரான்சில் ரூவாபோன் கிராமத்துக்கு அருகே ஷாம்பரான் காட்டில் ஆயிரம் குடில்களோடு ஒரு விடுமுறைக் கிராமம் வரவிருந்தது. 2007இல் அறிவித்த திட்டம் அது. வேலை கிடைக்கும் என்று ஆதரித்த ஊர்க்காரர்களும் உண்டு. ஆனால் அந்தக் காட்டின் ஈரநிலத்தில்தான் பல ஓடைகள் பிறக்கின்றன. மீன்பிடிப்போர் சங்கங்கள் வழக்குத் தொடர்ந்தன, இளைஞர்கள் 2014 முதல் காட்டிலேயே குடியேறி மரம் வெட்டுவதைத் தடுத்தார்கள். 2020இல் நிறுவனம் திட்டத்தைக் கைவிட்டது.

இப்போது எல்லோரும் பார்த்துக்கொண்டிருப்பது அல்பேனியாவை. வியோசா ஆறு 2023இல் தேசியப் பூங்கா ஆனது. அந்த ஆறு கடலில் கலக்கும் வியோசா-நார்த்தா பகுதியில் ஃபிளமிங்கோக்கள் வந்து இரை தேடும், கடலாமைகள் முட்டையிடும். அதற்கடுத்த ஆண்டே, பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் ஐந்து நட்சத்திர விடுதிகள் கட்ட வழிவிடும் சட்டத் திருத்தம் வந்தது. அங்கே வரவிருக்கும் ரிசார்ட் கூரையில் எத்தனை பேனல் வைத்தாலும், மிதிபட்ட ஈரநிலத்தை அது திருப்பித் தராது. இந்த வகைத் திட்டத்தில் ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள் என்றுதான் நான் சொல்வேன்.

அப்படியானால் புதிதாக எதுவுமே கட்டக் கூடாதா?

கட்டலாம், கட்டும் விதம் இருக்கிறது. நார்வேயின் வால்டாலில் இருக்கும் யூவெட் விடுதியில் அறைகளைத் தனித்தனி மரப்பெட்டிகளாகப் பாறைகளுக்கு நடுவே நிறுத்தியிருக்கிறார்கள். பாறையை வெடி வைத்துச் சமன்படுத்தவில்லை. வேண்டாம் என்றால் அறையைக் கழற்றி எடுத்துவிடலாம்.

நகரத்துக்குள் இடமிருந்தால் இன்னும் நல்லது. வியன்னாவின் ஸ்டாட்ஹாலே ஹோட்டல் பழைய கட்டடத்தோடு ஒரு புதுப் பகுதியைச் சேர்த்து, வருடக் கணக்கில் தான் செலவிடும் ஆற்றலைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் முறையை 2009இலேயே கொண்டுவந்தது. அங்கே ரயிலில் வரும் விருந்தாளிக்கு விலைச் சலுகையும் உண்டு.

பெரிய ரிசார்ட் என்றாலே கெடுதல், சின்னது என்றாலே நல்லது என்று வைத்துக்கொள்ளலாமா?

அப்படிச் சொல்ல முடியாது. பாரிஸுக்குக் கிழக்கே 2017இல் திறந்த வில்லாஜ் நத்யூர் பெரிய விடுமுறைக் கிராமம்தான். அதன் நீச்சல் குளத்து நீரைச் சூடாக்குவது நிலத்தின் ஆழத்திலிருந்து ஏற்றும் புவிவெப்ப நீர். ரயில் நிலையமும் பக்கத்தில். நூறு தனித்தனி வில்லாக்கள் நூறு குளங்களை மின்சாரத்தில் சூடாக்குவதைவிட இது எவ்வளவோ மேல்.

பெனிடோர்ம் பற்றியும் சொல்ல வேண்டும். அடுக்குமாடிகள் நெருக்கியடித்து நிற்கும் அந்த ஸ்பானியக் கடற்கரை நகரத்தைப் பார்த்தால் யாருக்கும் பசுமை என்ற எண்ணம் வராது. ஆனால் ஒரே இடத்தில் உயரமாகக் கட்டியதால் நிலம் மிச்சம், ஒரே குளத்தைப் பலர் பகிர்வதால் தண்ணீர் மிச்சம், எல்லாவற்றுக்கும் நடந்தே போகலாம். ஹோட்டல்களும் குளிர்காலத்தில் மூடிக் கிடப்பதில்லை. பக்கத்து மலைச்சரிவில் ஆளுக்கொரு புல்வெளியும் குளமுமாகப் பரவிய வில்லாக் குடியிருப்புகள்தான் தலைக்கு அதிகத் தண்ணீர் குடிக்கின்றன.

சுவிட்சர்லாந்தில் ரெக்கா என்ற கூட்டுறவு 1939இல் உருவானது. சாதாரண வருமானக் குடும்பங்களும் லீவு எடுக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். 2014இல் வாலே மாநிலத்தில் பிளாட்டன்-பெலால்ப் என்ற இடத்தில் ஒரு விடுமுறைக் கிராமம் திறந்தார்கள். கூரைத் தகடுகள் மின்சாரத்தோடு வெப்பத்தையும் எடுத்துக் கோடையில் நிலத்தடியில் சேமித்து, குளிர்காலத்தில் திரும்ப எடுத்துக்கொள்கின்றன. 2025 மே மாதம் பனிப்பாறைச் சரிவில் புதைந்த பிளாட்டன் கிராமம் வேறு, இது வேறு.

ஆள் இருக்கும் நாட்களை ஏன் இவ்வளவு முக்கியமாகச் சொல்கிறீர்கள்?

வருடத்தில் மூன்று வாரம் மட்டும் திறக்கும் வீட்டுக்கும் சாலை, கழிவுநீர்க் குழாய், மின்கம்பி எல்லாம் முழுசாக வேண்டும். குழாய் உறையாமல் இருக்கக் குளிர்காலம் முழுக்க மிதமான சூடும் வேண்டும். சுவிஸ் மக்கள் இதைக் கண்ணெதிரே பார்த்தவர்கள். பாதி ஜன்னல் எப்போதும் இருட்டாக இருக்கும் கிராமங்களில் கடையும் பள்ளியும் மூடப்பட்டன. இப்படிக் கிடக்கும் வீடுகளுக்கு அங்கே 'குளிர்ந்த படுக்கைகள்' என்று பெயர்.

சூழலியலாளர் ஃபிரான்ஸ் வேபர் முன்வைத்த யோசனை 2012 மார்ச் 11 அன்று வாக்கெடுப்புக்கு வந்தது. எந்த ஊரிலும் இரண்டாம் வீடுகள் (குடியிருக்கும் வீடு போக விடுமுறைக்கென வைத்திருப்பவை) 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பதே அது. 50.6 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். 2016இல் சட்டம் அமலுக்கு வந்தது. தொடர்ந்து விருந்தாளிகளுக்கு வாடகைக்கு விடும் வீடுகளுக்கு அதில் விலக்கு உண்டு. பூட்டிக் கிடக்கும் வீட்டையும் பயன்படும் வீட்டையும் சட்டமே பிரித்துப் பார்த்தது எனக்கு மிகவும் சரியாகப் படுகிறது.

நாங்கள் ஒரு வாரம் தங்கினால் உள்ளூர்க்காரர்களுக்கு வருமானம்தானே? ஏன் போராட்டம் நடத்துகிறார்கள்?

வருமானம் உண்டு, ஆனால் வீட்டு வாடகை அதைவிட வேகமாக ஏறுகிறது. ஹோட்டலில் வேலை செய்பவரே அந்த ஊரில் குடியிருக்க முடியாத நிலை. 2024 ஏப்ரல் 20 அன்று ஸ்பெயினின் கானரித் தீவுகளில் 'கானரிக்கு ஒரு எல்லை உண்டு' என்ற பதாகையோடு பல்லாயிரம் பேர் தெருவில் இறங்கினார்கள். சுற்றுலாவை நம்பி வாழ்பவர்களே அவர்களில் நிறைய.

ஊர்களும் ஒவ்வொரு வழியாக முயல்கின்றன. இங்கிலாந்தில் கார்ன்வாலின் செயின்ட் ஐவ்ஸ் 2016இல் வாக்கெடுப்பு நடத்தி, புதிதாகக் கட்டும் வீடுகள் நிரந்தரமாகக் குடியிருப்பவர்களுக்கே என்று முடிவு செய்தது. வாக்களித்தவர்களில் 80 சதவீதத்துக்கு மேல் ஆதரித்தார்கள். வாங்க வந்தவர்கள் பழைய வீடுகள் பக்கம் திரும்பி அவற்றின் விலையை ஏற்றிவிட்டார்கள் என்ற விமர்சனமும் எழுந்தது. வேல்ஸில் 2023 ஏப்ரல் முதல் இரண்டாம் வீட்டுக்கு உள்ளாட்சி வரியில் 300 சதவீதம் வரை கூடுதலாக விதிக்கலாம். பார்சிலோனா மேயர் ஜௌமே கொல்போனி, நகரத்தின் 10,101 சுற்றுலா அடுக்ககங்களின் உரிமங்களை 2028 நவம்பருக்குப் பிறகு புதுப்பிக்கப் போவதில்லை என்று 2024இல் அறிவித்தார்.

உங்களால் செய்ய முடிந்தது: பதிவு எண் இல்லாத வீட்டில் தங்காதீர்கள். குறுகிய கால வாடகைகளுக்கான ஐரோப்பிய விதி 2026 மே 20 முதல் பொருந்துகிறது. பதிவு முறை உள்ள இடங்களில் அந்த எண் விளம்பரத்திலேயே தெரிய வேண்டும்.

தண்ணீர் விஷயத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

மத்தியதரைப் பகுதியில் மழை குளிர்காலத்தில், கூட்டம் கோடையில். அதுதான் சிக்கலின் வேர். 2024 தொடக்கத்தில் போர்ச்சுகலின் அல்கார்வேயில் அணைகள் வற்றியபோது அரசு விவசாயத்துக்கு 25 சதவீதம், சுற்றுலா உட்பட நகரப் பயன்பாட்டுக்கு 15 சதவீதம் என்று தண்ணீரைக் குறைத்தது. அதே ஆண்டு பிப்ரவரியில் ஸ்பெயினின் கட்டலோனியா வறட்சி அவசரநிலையை அறிவித்தது. காவிரிக்கும் வீராணத்துக்கும் நடுவே வளர்ந்த நமக்கு, வயலுக்கா நீச்சல் குளத்துக்கா என்ற இந்தச் சண்டையை யாரும் விளக்க வேண்டியதில்லை.

தனிக்குளம் உள்ள வில்லாவைத் தவிர்த்து, பொதுக்குளமோ கடலோ பக்கத்தில் உள்ள வீட்டைப் பாருங்கள். கோல்ஃப் மைதானம் இருந்தால், அதற்குச் சுத்திகரித்த கழிவுநீர் போகிறதா, நிலத்தடி நீர் போகிறதா என்று கேளுங்கள். தோட்டத்தில் பச்சைப் புல்வெளிக்குப் பதிலாக ரோஸ்மேரி, லாவெண்டர், ஆலிவ் இருந்தால் நடத்துபவருக்கு மண் தெரியும்.

போகும் வழி அவ்வளவு முக்கியமா? ஒரு விமானப் பயணம்தானே.

முக்கியம். 2018இல் வெளியான ஓர் ஆய்வு, உலகப் பசுங்குடில் வாயு உமிழ்வில் சுமார் 8 சதவீதம் சுற்றுலாவால் வருகிறது என்று கணக்கிட்டது. அதில் போக்குவரத்துக்குப் பெரும்பங்கு. பாஸிவ் ஹவுஸில் ஒரு வாரம் தங்கி மிச்சம் பிடிக்கும் ஆற்றலை ஐரோப்பாவுக்குள் ஒரு விமானப் பயணமே தின்றுவிடும். சென்னையிலிருந்தோ கொழும்பிலிருந்தோ வருபவர்களுக்கு ரயில் வழி கிடையாது. அவர்களுக்கு என் யோசனை: அடிக்கடி வருவதற்குப் பதிலாக ஒரே தடவையில் நீண்ட நாள் தங்குங்கள், வந்த பிறகு நாடு விட்டு நாடு ரயிலில் போங்கள். பிள்ளைகளுக்கும் அதுதான் பிடிக்கும்.

ஹாட் டப், சானா உள்ள குடில்கள்?

வெளியே பனியில் நாள் முழுக்க வெந்நீரைச் சூடாக வைத்திருப்பது ஒரு குடிலின் மின்செலவை எங்கேயோ கொண்டுபோய்விடும். சானா பரவாயில்லை, தேவைப்படும்போது மட்டும் மூட்டலாம்.

முன்பதிவின்போது 'கார்பன் ஈடு' என்று சில யூரோ கூடுதலாகக் கேட்கிறார்கள். கட்டலாமா?

கட்டுவது உங்கள் விருப்பம். ஆனால் அதனால் தங்கல் 'கார்பன் நியூட்ரல்' ஆகிவிடாது. எங்கோ மரம் நட்டதைக் காட்டித் தன் பொருள் கார்பன் இல்லாதது என்று விளம்பரம் செய்வதையும் மேலே சொன்ன 2024 நுகர்வோர் சட்டம் தடுக்கிறது. அந்தப் பணத்தில் உள்ளூர்ச் சந்தையில் காய்கறி வாங்குங்கள்.

வீட்டை வாங்குவது நல்ல முடிவா?

வருடத்தில் பத்து வாரமாவது நீங்களோ உறவினரோ வாடகைக்காரரோ தங்குவார்கள் என்ற உறுதி இல்லையென்றால் வாங்காதீர்கள் என்பது என் கருத்து. வாடகைக்கு எடுப்பதே பூமிக்கும் பைக்கும் நல்லது.

சட்டச் சிக்கல்களும் உண்டு. டென்மார்க்கில் அங்கே குடியிருக்காத வெளிநாட்டவர் கோடை வீடு வாங்க அனுமதி வேண்டும். கடலிலிருந்து 300 மீட்டர் வரையிலான பாதுகாப்புப் பட்டையில் கட்டுவதும் கடினம். சுவிட்சர்லாந்தில் வெளிநாட்டவர் விடுமுறை வீடு வாங்குவதை லெக்ஸ் கோலர் சட்டம் கட்டுப்படுத்துகிறது. வீடு வாங்கினால் விசா என்ற திட்டத்தைப் போர்ச்சுகல் 2023இலும் ஸ்பெயின் 2025 ஏப்ரலிலும் நிறுத்திவிட்டன. அதை இன்னும் சொல்லி விற்கும் முகவர் இருந்தால் விலகிவிடுங்கள்.

பிரான்சில் 2024 நவம்பரில் வந்த சட்டப்படி, 2034 முதல் சுற்றுலா வாடகை வீடுகள் ஆற்றல் அளவில் (ஏ சிறந்தது, ஜி கடைசி) 'டி' தரமாவது பெற்றிருக்க வேண்டும். உரிமையாளர் தானே நிரந்தரமாகக் குடியிருக்கும் வீட்டுக்கு விலக்கு உண்டு. மலிவாகக் கிடைக்கும் 'ஜி' தர மலைவீட்டைப் பார்த்து மயங்குமுன் சீரமைப்புச் செலவைக் கூட்டிப் பாருங்கள்.

ரிசார்ட் நிறுவனமே வீட்டைத் திரும்ப எடுத்து நடத்தி நிலையான வாடகை தரும் என்ற ஏற்பாட்டிலும் கவனம் தேவை. 2020இல் ஊரடங்கின்போது பிரான்சில் சில நடத்துநர்கள் அந்த வாடகையை நிறுத்தினார்கள். கடன் வாங்கி முதலீடு செய்தவர்கள் தவணையைத் தாங்களே கட்ட வேண்டியதாயிற்று.

காலநிலை மாற்றத்தால் வீட்டுக்கே ஆபத்து வருமா?

இடத்தைப் பொறுத்தது. 2023 ஜூலையில் கிரீஸின் ரோட்ஸ் தீவில் காட்டுத்தீ பரவியபோது சுமார் 19,000 பேர் வெளியேற்றப்பட்டார்கள், பலரும் விடுதிகளில் இருந்த பயணிகள். உயரம் குறைந்த பனிச்சறுக்கு ஊர்களில் இயற்கைப் பனி குறைந்து, தண்ணீரும் மின்சாரமும் செலவழித்துச் செயற்கைப் பனி தூவுகிறார்கள். பனியை மட்டும் நம்பிய ஊரில் வீடு வாங்குவது இனி புத்திசாலித்தனம் இல்லை.

நாங்கள் முதல் தடவையாகக் குழந்தைகளோடு போகிறோம். எங்கே தொடங்கலாம்?

ஆஸ்திரியாவில் சால்ஸ்பர்க்குக்குத் தெற்கே வெர்ஃபன்வெங் என்ற மலைக்கிராமத்தைச் சொல்வேன். கார் இல்லாத விடுமுறையைத் தன் அடையாளமாகவே வளர்த்துக்கொண்ட ஊர் அது. மியூனிக்கிலிருந்து ரயிலில் சால்ஸ்பர்க், அங்கிருந்து பிஷோஃப்ஸ்ஹோஃபன் நிலையம், அப்புறம் ஊரின் சிறு வண்டி மேலே கொண்டுபோய்விடும். காரை விட்டுவிட்டு வருபவர்களுக்கென ஒரு அட்டை தருகிறார்கள். அதை வைத்து ஊருக்குள் மின்வண்டிகளையும் சைக்கிள்களையும் பயன்படுத்தலாம். இதே வழியில் போகும் ஆல்ப்ஸ் மலை ஊர்கள் 2006இல் 'ஆல்பைன் பேர்ல்ஸ்' என்று ஒரு கூட்டமைப்பை ஏற்படுத்தின. இத்தாலி, ஆஸ்திரியா என்று பல நாடுகளில் உறுப்பினர் ஊர்கள் இருக்கின்றன.

ஆகஸ்டைத் தவிர்த்து ஜூன் கடைசியிலோ செப்டம்பரிலோ போனால் வாடகை குறையும், ஊரும் மூச்சு விடும். சமையலறை உள்ள வீடாகப் பாருங்கள். அரிசியும் பருப்பும் அங்கேயே கிடைக்கும். சாம்பார்ப் பொடியை மட்டும் கையோடு எடுத்துப் போங்கள்.